கேள்விக்குறி வைக்க முடியாத இடம்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் கட்டை. நீங்கள் வருவதற்குள் ஒரு அட்டையை மடித்து அடியில் வைத்துவிட்டேன், இப்போது ஆடவில்லை. கண்ணில் பட்ட கோளாறைச் சரிசெய்யாமல் உட்கார எனக்கு வராது. தொழில் அப்படி.

நானாகத்தான் வந்தேன். யாரும் கூப்பிடவில்லை. விசாரணை அதிகாரியான நீங்கள் எழுதிய அறிக்கையை எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் படிக்கக் கொடுத்தார்கள். பொறுமையாகப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு சொல் மட்டும் தப்பு. 'கவனக்குறைவு' என்று போட்டிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடச் சொல்லத்தான் வந்தேன். எடுக்க வேண்டுமென்றால் காரணம் கேட்பீர்கள். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

நான் வெப்சைட் எழுதுகிறவன். எங்கள் கம்பெனி சின்னது. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம், மற்றதில் முதலாளி வீட்டில் இடமில்லாமல் கொண்டுவந்து போட்ட பழைய சோபாக்கள் உட்கார்ந்திருக்கின்றன. வருகிற புரோகிராமர்கள் எல்லோரும் முதலில் என் கைக்குத்தான் வருவார்கள். நான் அவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது எப்போதும் ஒரே பாடம்தான்.

உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு புரியாது. வெப்சைட்டில் ஒருவர் ஒரு பெயரை அடித்துத் தேடுகிறார் என்று வையுங்கள். அந்தப் பெயரை எடுத்து, விவரமெல்லாம் சேமித்துவைக்கும் டேட்டாபேஸுக்குப் போகிற கட்டளைக்குள் அப்படியே ஒட்டிவிட்டாலும் வேலை நடக்கும். சோம்பேறிகள் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் வந்தவன் பெயருக்குப் பதிலாக இன்னொரு கட்டளையை அடித்துவைத்தால்? டேட்டாபேஸுக்கு ஆள் தெரியாது; சொன்னதைச் செய்யும். அதனால் கட்டளையை முதலில் தனியாக அனுப்ப வேண்டும். பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கும். செய்ய வேண்டிய வேலை இன்னதென்று டேட்டாபேஸ் படித்துத் தீர்மானித்துக்கொள்ளும். பெயர் அப்புறம்தான் போகும். அதற்குள் எவன் என்ன வேஷம் போட்டு எதை எழுதியிருந்தாலும் அது வெறும் பெயர். அதன் பேச்சு எடுபடாது. ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் என்று சொல்வோம். வெப்சைட் எழுத நாங்கள் பயன்படுத்துகிற ஃபிரேம்வொர்க் என்ற கருவியில் அதற்கென்றே வசதி இருக்கிறது. ஒரு வரி கூடுதலாக அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குச் சோம்பல்பட்டவர்களை நான் சும்மா விட்டதில்லை. ஆபீசில் எனக்குக் 'கேள்விக்குறி சார்' என்றுதான் பெயர். என் கல்யாணப் பத்திரிகையில் பெண் பெயர் வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி போட்டுத்தான் அச்சடித்தேன் என்று எனக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். எனக்குத் தெரியும். எனக்கும் சிரிப்புத்தான் வரும்.

பெண்கள் காப்பகத்துக்கு வெப்சைட் செய்துகொடுத்தது நாங்கள்தான். வீட்டில் அடிபட்டு, உயிருக்குப் பயந்து வெளியே வந்த பெண்களை அவர்கள் ஊருக்குள் பல வீடுகளில் பிரித்துத் தங்கவைப்பார்கள். எந்த வீடு என்பது வெளியே தெரியக் கூடாது. வெப்சைட்டின் முன்பக்கம் எல்லோருக்கும் திறந்தது. தையல், கணினி என்று அவர்கள் நடத்தும் பயிற்சி வகுப்புகளின் பட்டியல் அதில் இருக்கும். அதே டேட்டாபேஸின் இன்னொரு பகுதியில் அந்தப் பெண்களின் விவரம் இருக்கும். காப்பகத்தின் பொறுப்பாளர் அம்மா மட்டும்தான் அதைத் திறக்கலாம். யார் எப்போது திறந்தாலும் பெயரோடு பதிவாகும். எழுதிக்கொடுத்த எங்களுக்குக்கூட உண்மையான விவரம் கண்ணில் படாது. சோதித்துப் பார்க்கப் பொய்ப் பெயர்களைப் போட்டுக்கொள்வோம். அந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்ததே நான்தான். "உங்களை மாதிரி ஆளுங்களாலதான் நாங்க நிம்மதியாத் தூங்குறோம் சார்" என்று அந்த அம்மா சொன்னார்.

எனக்கு ஒரே மகள். மாப்பிள்ளையை நான்தான் பார்த்துப் பேசி முடித்தேன். டைல்ஸ் ஷோரூம் வைத்திருக்கிறார். மரியாதையான ஆள். என் மனைவிக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார். "மாமா, நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்" என்பார். பெற்ற பிள்ளைகூட அப்படிச் செய்யாது.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் மகள் கையில் கட்டோடு வந்தாள். படியில் விழுந்துவிட்டேன் என்றாள். சரி என்றேன். நாலு நாள் இருந்தாள், கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். அடுத்த தடவை வந்தபோது அதே மணிக்கட்டில் மறுபடி கட்டு. இந்த முறை படியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். வெளியே வந்து மனைவி, "என்னங்க, இனிமே இவளை அங்க அனுப்ப வேணாம்" என்றாள். குடும்பம் என்றால் முன்னே பின்னே இருக்கும். பாப்பாவுக்கு நாலு வயது. அதற்கு அப்பா வேண்டாமா? நானே காரில் உட்காரவைத்துக் கொண்டுபோனேன். பாப்பா பின்சீட்டில் தூங்கிவிட்டாள். பாதி வழியில் மகள் கேட்டாள்.

"அப்பா, ஒரு காப்பகத்துக்கு வெப்சைட் செஞ்சு குடுத்தீங்களே, அது சேஃபா?"

"ஏன் கேக்கிறே?"

"சும்மாதான். அங்க இருக்கிறவங்க விவரம் வெளிய போயிடாதா? யாராவது செல்வாக்கா வந்து கேட்டா?"

என் தொழிலைப் பற்றி அவள் ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கட்டளை முதலில் போவது, பெயர் பிறகு போவது, யார் திறந்தாலும் பதிவாவது, எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

"அப்போ நீங்களே நெனைச்சாக்கூட எடுக்க முடியாதா?"

"நானே நெனைச்சாலும் முடியாது" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அவளும் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். வீட்டு வாசலில் மாப்பிள்ளை தயாராக நின்று பையை வாங்கிக்கொண்டார். "வாங்க மாமா, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை கடைக்குப் போயிருந்த நேரத்தில் மகள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டாள். நாலு பக்கமும் தேடினோம். தேடினோம் என்றால், நானும் மாப்பிள்ளையும். என் மனைவி அடுப்படியை விட்டு நகரவில்லை. "தேடாதீங்க. அவ நல்லா இருக்கா" என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. மகள் அவளோடு பேசியிருக்கிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. அம்மாவிடம் பேசலாம், அப்பாவிடம் பேசக் கூடாது. வளர்த்துப் படிக்கவைத்தவன் நான். எங்கே போயிருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். பத்திரமான இடம் என்று நான்தானே உத்தரவாதம் கொடுத்திருந்தேன்.

பொறுப்பாளர் அம்மாவிடம் போய்க் கேட்டேன். முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல், "இங்க யார் இருக்காங்க, யார் இல்லைன்னு நாங்க யாருக்கும் சொல்றதில்ல சார். உங்களுக்கே தெரியுமே" என்றார். எனக்குத் தெரிந்ததை எனக்கே சொன்னார். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில் காப்பகத்திலிருந்து ஒரு சில்லறை வேலை வந்தது. பயிற்சி வகுப்புப் பட்டியலைப் பார்க்கிறவர்கள் தேதிப்படியோ பெயர்ப்படியோ அடுக்கிக்கொள்ள வசதி வேண்டுமாம். அதை நாங்கள் டெஸ்டரம்மா என்று கூப்பிடும் பெண்ணிடம் கொடுத்தேன். முன்பு டெஸ்டிங்கில், மற்றவர்கள் எழுதியதில் பிழை தேடும் வேலையில் இருந்தவர். இரண்டு பிள்ளை பெற்று, பல வருஷம் வீட்டிலிருந்துவிட்டுத் திரும்ப வேலைக்கு வந்தவர். எதையும் மூன்று தரம் சரிபார்ப்பார். சாப்பாட்டு டப்பாவை மூடிய பிறகும் ஒரு முறை தட்டிப் பார்ப்பார்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேள்விக்குறி எல்லா இடத்திலும் வைக்க முடியாது. பெயர், தேதி, எண் போன்ற மதிப்புகளுக்குத்தான் வைக்கலாம். பட்டியலை எதன்படி அடுக்குவது என்பது மதிப்பு அல்ல. அது கட்டளையின் ஒரு பகுதி. ஃபிரேம்வொர்க்கும் அங்கே கைவிரித்துவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் அந்த இடத்தில் ஒரு காவல் வைப்பார்கள். வந்தது தேதியா, பெயரா, உள்ளே விடு. வேறு எதுவானாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பு. டெஸ்டரம்மா காவல் வைத்திருந்தார். நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு பிசிறு இல்லாமல்.

நான் அவர் மேசைக்குப் போய், "இது எதுக்கும்மா?" என்றேன்.

"சார், அந்த எடத்துல கேள்விக்குறி வைக்க முடியாதே. யாராச்சும் எதையாச்சும் அனுப்பிட்டா?"

"வகுப்புப் பட்டியல்தானே. ஊருக்கே தெரிஞ்ச விஷயத்தை எவன் வந்து திருடப் போறான்? எடுத்துடுங்க. நாளைக்கு அவங்க வேற மாதிரி அடுக்கணும்னு கேட்டா மறுபடி இதைத் தோண்டணும்."

"நீங்கதானே சார் எப்பவும்..."

"நான்தானேம்மா இப்பவும் சொல்றேன்."

அவர் அந்த வரிகளை இன்னொரு தரம் படித்துப் பார்த்தார். பிறகு எடுத்துவிட்டார். மாற்றம் அவர் பெயரில் பதிவானது. நான் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தேன். இதைத்தான் நீங்கள் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு மாற்றத்தைப் போல் வேறு எதையும் நான் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

புதிய பக்கம் வெப்சைட்டில் ஏறிய பிறகு மத்தியான இடைவேளையில் பொது நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே யார் வேண்டுமானாலும் உட்காரக் கம்ப்யூட்டர்கள் உண்டு. விவரத்தை நேராக எடுக்க முடியாது. அந்த இடம் பட்டியலை அடுக்க மட்டும்தான் செய்யும். ஆனால் காவல் போய்விட்டதால் அதில் நிபந்தனை எழுதி அனுப்பலாம், டேட்டாபேஸ் அந்தப் பெண்களின் பகுதியையும் பார்த்துவிட்டுத்தான் அடுக்கும். இன்ன பெண்ணின் முகவரியில் முதல் எழுத்து இதுவானால் தேதிப்படி அடுக்கு, இல்லாவிட்டால் பெயர்ப்படி அடுக்கு என்று எழுதினேன். தையல் வகுப்பு மேலே வந்தால் ஆமாம். கணினி வகுப்பு மேலே வந்தால் இல்லை. தையல் வந்தது. அடுத்த எழுத்துக்குப் போனேன். பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் செய்தித்தாளைப் படித்தபடி ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். நான் பார்ப்பது பயிற்சி வகுப்புப் பட்டியல். பார்க்கிறவர்களுக்கு ஏதோ தையல் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிற ஆள்.

இரண்டு வாரம் பிடித்தது. தெருவின் பெயர் மெல்ல மெல்லக் கூடி வந்தது. பிறகு கதவு எண், மாடி. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகத்தான் இருந்தது. மகள் எனக்குப் பதில் சொல்வதைப் போல. கேட்டால் ஆமாம், இல்லை என்று ஒழுங்காக, கோபமில்லாமல்.

முகவரி முடிந்ததும் எழுந்து வந்திருக்கலாம். நானே போய்ப் பார்த்துப் பேசிக் கூட்டிவருவதாகத்தான் அதுவரை எண்ணம். ஆனால் பதிவில் இன்னொரு கட்டம் இருப்பது எனக்குத் தெரியும். அதை வடிவமைத்தவனே நான்தான். 'இருப்பிடத்தை யாருக்குத் தெரிவிக்கக் கூடாது' என்று அதற்குத் தலைப்பு. அதையும் கேட்டுப் பார்த்தேன். முதலில் 'கணவர்' என்று வந்தது. எதிர்பார்த்ததுதான். அதன் பிறகு ஒரு காற்புள்ளி. காற்புள்ளி வந்தால் பின்னால் இன்னும் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். 'அ' வந்தது. அடுத்தது 'ப்'. மூன்றாவது எழுத்தைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கேட்டேன். தையல் வகுப்பு மேலே வந்தது.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஆபீசுக்கு வந்து மிச்ச வேலையைப் பார்த்தேன்.

மறுநாள் மாப்பிள்ளை ஆபீசுக்கு வந்தார். கண்ணாடிக் கடைப் படிக்கட்டில் நின்று பேசினோம். ஆள் இளைத்திருந்தார். சட்டை மட்டும் எப்போதும்போல இஸ்திரி கலையாமல் இருந்தது.

"மாமா, எடம் தெரிஞ்சுதா?"

நான் படிக்கட்டுக் கைப்பிடியில் இருந்த தூசியைத் துடைத்தேன்.

"ஒரே ஒரு தடவை அவ மூஞ்சியைப் பாக்கணும் மாமா. அதுக்கப்புறம் அவ யாரு மூஞ்சியையும் பாக்க வேண்டியதில்ல."

குரலை உயர்த்தவில்லை. நிதானமாகத்தான் சொன்னார். நான் முகவரியைச் சொன்னேன். கையில் சீட்டு ஒன்றும் இல்லை. எழுத்து எழுத்தாகச் சேர்த்தது, மறக்குமா? அவர் ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கதவு எண்ணை மாற்றிச் சொன்னார், திருத்தினேன்.

மாப்பிள்ளை போய்த் தட்டியபோது கதவைத் திறந்தது அந்த வீட்டுச் சமையல்காரம்மா. குறுக்கே விழுந்து தடுத்திருக்கிறார். அவருடைய வலது கை இனி நிமிராது என்று உங்கள் அறிக்கையில் படித்தேன். என் மகள் பாப்பாவைக் குளியலறையில் விட்டு வெளியே தாழ் போட்டிருக்கிறாள். அந்த நேரத்திலும் பதறாமல் யோசித்திருக்கிறாள். அது என் பக்கத்துப் புத்தி. அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் எழுதியிருப்பதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. போலீஸ் வரும்வரை மாப்பிள்ளை அங்கேயே உட்கார்ந்திருந்தார். முகவரி எப்படிக் கிடைத்தது என்று நீங்கள் எத்தனை முறை கேட்டும் என் பெயரைச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேனே, மரியாதையான ஆள்.

காப்பகத்தை மூடிவிட்டார்கள். எந்த வீட்டு முகவரியும் இனி பத்திரமில்லை என்று பெண்களை அனுப்ப வேண்டியதாயிற்று. போக்கிடம் இல்லாத சிலர் தப்பித்து வந்த வீடுகளுக்கே திரும்பிவிட்டார்களாம். பொறுப்பாளர் அம்மா வேலையை விட்டுவிட்டார். என் மனைவி பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அட்ரஸ் யாருங்க குடுத்தா?" தெரியவில்லை என்றேன். நான் சொன்னதை அவள் நம்பினாளா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

ஆபீசில் விசாரணை நடந்தபோது டெஸ்டரம்மா, "காவல் வெச்சிருந்தேன், சார்தான் எடுக்கச் சொன்னாரு" என்றார். என்னைக் கேட்டார்கள். ஞாபகமில்லை என்றேன். கேள்விக்குறி சாரா அப்படிச் சொல்வார் என்று எல்லோருக்கும் ஆச்சரியம். ஒருவர் சிரித்தேவிட்டார். அந்தப் பெண் என்னையே பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கே சந்தேகம் வருவதை என்னால் பார்க்க முடிந்தது. அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கடைசி நாள் தன் சாமான்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தார். துக்கம் கேட்கத்தான் வந்தார். நான் மகளைப் பறிகொடுத்தவன் அல்லவா.

"சார், நான் அதை எடுக்காம இருந்திருந்தா உங்க பொண்ணு இருந்திருப்பாங்களா?"

"இருந்திருக்கலாம்மா" என்றேன்.

இப்போது அவர் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை என்று சொல்கிறார்கள். பிள்ளைகளை அவர் கணவர்தான் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறாராம். வருத்தமான விஷயம்தான். நன்றாக வேலை செய்கிறவர்.

இன்னொன்றும் உங்கள் அறிக்கையில் விடுபட்டிருக்கிறது. மாப்பிள்ளை போன நேரத்தில் அந்த வீட்டில் சமையல்காரம்மாவையும் என் மகளையும் பாப்பாவையும் தவிர ஆள் இல்லாதது தற்செயல் என்று எழுதியிருக்கிறீர்கள். தற்செயல் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் தையல் வகுப்பு. மற்றப் பெண்கள் எல்லோரும் அதற்குப் போய்விடுவார்கள். என் மகள் எந்த வகுப்பிலும் சேரவில்லை. அதையும் நூலகத்தில் கேட்டுவைத்திருந்தேன். படிக்கட்டில் மாப்பிள்ளை கிளம்பத் திரும்பியபோது, "வியாழக்கிழமை சாயங்காலம் போங்க மாப்ள, அப்ப வீட்ல ஆள் இருக்காது" என்றேன். அவராக என்னிடம் அதைக் கேட்கவில்லை. அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நானாகத்தான் சொன்னேன்.

எழுதிக்கொண்டீர்களா? நிதானமாக எழுதுங்கள், எனக்கு அவசரமில்லை. பதிவில் அந்தக் கட்டத்தில், கணவருக்கு அடுத்து, 'அப்பா' என்று இருப்பதை மட்டும் தயவுசெய்து பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏதோ கோபத்தில் எழுதவைத்திருக்கிறாள். என் மகளை எனக்குத் தெரியும். கொஞ்ச நாள் போயிருந்தால் அவளே அதை எடுத்துவிடச் சொல்லியிருப்பாள். பாவம், அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.